முயலின் இன்னொரு கண்

ஏரிக்கரை எண்ணெய் ஊரான கபீமாஸில் ஒரு பெண் நல்லவளா கெட்டவளா என்று அவள் வீட்டுத் தரையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அவள் புருஷனை விட்டு ஓடிவந்தவளாக இருக்கலாம், ஞாயிறு பூசைப் பக்கமே எட்டிப் பார்க்காதவளாக இருக்கலாம். தரை மினுங்கினால் பாதிப் பாவம் கழிந்துவிடும். நெர்வா சோரியோவின் தரையில் குனிந்து பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அதற்கு அவள் செய்தது அந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் செய்ததுதான்: ஒரு வாளித் தண்ணீரில் ஒரு குவளை டீசல். எறும்பு வராது, கரப்பான் வராது. மாமியாரும் வழுக்கி விழப் பயந்து வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவாள்.

டீசலுக்குப் பஞ்சமில்லை. புருஷன் ஆவுதியோவுக்கு டேங்கர் லாரிகளை நிரப்பும் மேடையில் வேலை. குழாயிலிருந்து சொட்டுவதைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருவான். மிச்சத்தைச் சட்டையிலும் கையிலும் கொண்டுவருவான்.

நெர்வாவுக்குப் படிப்பு அதிகமில்லை. நான்காம் வகுப்பில் டீச்சர் பிரசவத்துக்குப் போனார். வேறு டீச்சர் வரும்வரை வீட்டில் இருங்கள் என்று பிள்ளைகளை அனுப்பினார்கள். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று நெர்வா காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. பிறகு சோளமாவையும் கனிந்த வாழைப்பழத்தையும் பிசைந்து, வளையம் வளையமாகப் பொரித்த மந்தோக்காவைக் கூடையில் வைத்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்து வாசலில் விற்றாள்.

ஆய்வுக்கூடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எண்ணெய்க் கம்பெனிகள் கொடுக்கிற பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் மனிதர்கள் மேல் பட்டால் என்ன ஆகும் என்று முயல்கள் மேல் பட வைத்துப் பார்க்கும் தகரக்கூரைக் கட்டிடம். ஒருநாள் அங்கிருந்து ஒரு வெள்ளை முயல் தப்பித்துத் தெருவுக்கு வந்துவிட்டது. தெருவே அதன் பின்னால் ஓடியது. ஓடியவர்கள் எல்லாருடைய மனதிலும் தேங்காய்ப்பால் கொதித்துக்கொண்டிருந்தது. முயல் நெர்வாவின் பக்கமாக வந்தது. அவள் மந்தோக்காவைக் கொட்டிவிட்டுக் கூடையை அதன்மேல் கவிழ்த்து, கூடையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் லந்தாயேத்தா மூச்சிரைக்க வந்து சேரும்வரை எழுந்திருக்கவில்லை.

"உங்களுக்கு முயல் பிடிக்குமா அம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"தேங்காய்ப்பால்ல போட்டா பிடிக்கும். உனக்கு?"

டாக்டர் தலைநகர்க்காரர். கராக்காஸில் நாய்க்குட்டியைக்கூட மரியாதையாகக் கூப்பிடுவார்களாம். ஏரிக்கரையில் பிறந்தவர்களுக்குப் போப்பாண்டவரையும் நீ என்றுதான் கூப்பிடத் தெரியும். அந்த 'உனக்கு'வை விழுங்க டாக்டருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விழுங்கியபின் அவளுக்கு வேலை கொடுத்தார்.

முயல்களுக்குத் தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, டாக்டர் சோதிக்கும்போது முயலைப் பிடித்துக்கொள்வது. அந்த அறையில் குளிர்சாதனம் உண்டு. மலைநாட்டு முயல்கள் கபீமாஸ் வெயிலில் செத்துப்போகும் என்பதற்காகக் கம்பெனி போட்டுக் கொடுத்தது. கபீமாஸ்காரர்கள் செத்தால் என்ன செய்வது என்று கம்பெனி யோசித்ததில்லை. மதியம் தெருவில் தார் இளகும்போது நெர்வா உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாதம் முடிந்ததும் நிரந்தரமாக்குகிறேன் என்று ஆய்வுக்கூட நிர்வாகி சொல்லியிருந்தார். அதற்காக அவள் அந்த அறையைத் தன் வீட்டைவிட நன்றாக வைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் நிரப்பும் மேடையில் தகராறு கிளம்பியது. ஆவுதியோவுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் கண் எப்போதும் வரமிளகாயைப் போல் சிவந்திருந்தது. மேடையில் ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டும், ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும் என்று கேட்டார்கள். கம்பெனி முடியாது என்று சொல்லவில்லை. முயல்கள் சொல்லட்டும் என்றது.

சாயங்காலம் நெர்வா வீட்டு முற்றத்தில் டோமினோ ஆடும்போது இதுதான் பேச்சு. மேடையின் வாயாடி நெமேசியோ கட்டையை மேசையில் ஓங்கி அடித்தான்.

"என் கண்ணு சிவந்திருக்குன்னு நான் சொல்றேன். என் பொண்டாட்டி சொல்றா. அது பத்தாதாம். முயல் சொல்லணுமாம்."

"முயல் பொய் சொல்லாதுல்ல," என்றான் ஆவுதியோ. "லஞ்சமும் வாங்காது."

"கேரட் வாங்கும். இந்தா நெர்வா, உன் முயலுங்ககிட்ட சொல்லி வை. கண்ணுல ஊத்தும்போது கொஞ்சம் சத்தம் போட்டு அழச் சொல்லு."

"அதுங்களுக்கு உன்னை மாதிரி வாய் கிடையாது நெமேசியோ. அதனாலதான் அதுங்க குளிர்ல இருக்கு, நீ வெயில்ல நிக்கிற."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் நெர்வாவுக்கு உள்ளே சிரிப்பு இல்லை. காலையில் ஆவுதியோ கண்ணைத் திறக்க ஈரத்துணி வைக்க வேண்டியிருந்தது. அந்தக் குழாய் வந்தாக வேண்டும்.

சோதனை எளிமையானது. முயலின் ஒரு கண்ணில் டீசல் ஒரு சொட்டு. இன்னொரு கண்ணை அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு இமையை விலக்கி இரண்டின் வெள்ளையையும் ஒப்பிட்டு, சிவப்பின் படங்கள் அச்சடித்த அட்டையைப் பக்கத்தில் வைத்து, எந்தச் சிவப்போடு பொருந்துகிறது என்று பார்த்து டாக்டர் எண் போடுவார். சொட்டு விட்ட கண் சிவந்து, விடாத கண் வெள்ளையாக இருந்தால் டீசல்தான் குற்றவாளி. எங்கள் ஊர்ப் போலீஸுக்குக்கூடப் புரிகிற கணக்கு.

ஆனால் எல்லா முயலுக்கும் இரண்டு கண்ணும் சிவந்திருந்தன.

டாக்டர் விளக்கைக் குறைத்துப் பார்த்தார். குளிரைக் குறைத்துப் பார்த்தார். முயல்கள் மலைநாட்டிலிருந்து லாரியில் வந்தபோது தூசி பட்டிருக்கும் என்றார். தூசி என்றால் எப்போதோ சரியாகியிருக்க வேண்டும்.

"விடாத கண்ணும் இப்படி இருந்தா நான் என்ன எழுதறது நெர்வாம்மா?"

"சிவந்திருக்குன்னு எழுது."

"ரெண்டும் ஒரே மாதிரின்னா வித்தியாசம் இல்லைன்னுதான் எழுத முடியும். வித்தியாசம் இல்லைன்னா டீசல் கண்ணை ஒண்ணும் பண்ணலைன்னு அர்த்தம்."

அவர் சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்துத் தன் கண்களில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார். ஏரிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அவருக்குக் கொஞ்ச நாளாகவே கண் எரிச்சல். ஏரிக்கு அந்தப் பக்கம் மரக்காய்போவில் பெரிய கண் டாக்டரிடம் போய் வாங்கிய மருந்து அது.

அன்று ஆவுதியோ வேலை முடிந்து வந்து கயிற்று ஊஞ்சலில் சாய்ந்தான். கையில் டீசல் மினுமினுத்தது. பேசிக்கொண்டே புறங்கையால் நெற்றியைத் துடைத்தான், பிறகு கண்ணைக் கசக்கினான். பிறகு இன்னொரு கையால் இன்னொரு கண்ணை. நெர்வா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏய்யா, இன்னிக்குக் கண்ணுல தெறிச்சுதா?"

"இல்லையே. ஏன்?"

"என்னிக்காவது தெறிச்சிருக்கா?"

"தெறிச்சா தெரியாதா? எப்பவோ ஒரு தடவை. என்ன கருப்பி, புருஷனையும் சோதனை பண்ணப் போறியா? ஒரு கண்ணுல ஊத்தி இன்னொண்ணை விட்டுருவியா?"

கண்ணைக் கசக்கிய அந்தக் கை அவள் மனதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் டாக்டர் கிளம்பிப் போனதும் வழக்கம்போலத் தரையைத் துடைத்தாள். வழக்கம்போல முயல்களை வெளியே விட்டாள். கூண்டு கழுவும் நேரத்தில் அவை கொஞ்சம் ஓடட்டும் என்பது அவளாகக் கண்டுபிடித்த ஏற்பாடு, டாக்டருக்குத் தெரியாது. முயல்கள் மினுங்கும் தரையில் வழுக்கின, விழுந்தன, எழுந்தன. பிறகு ஒரு முயல் மூலையில் உட்கார்ந்து முன்னங்கால்கள் இரண்டையும் நக்கி முகம் கழுவத் தொடங்கியது. நெற்றி, காது, கண். இந்தக் கண், அந்தக் கண். பக்கத்தில் இன்னொன்றும் ஆரம்பித்தது.

நெர்வா வாளியைப் பார்த்தாள். அதில் டீசல் வானவில்லாக மிதந்தது.

டாக்டர் ஒரு கண்ணுக்குத்தான் டீசல் விட்டார். இன்னொரு கண்ணுக்குத் தினமும் இவள் விட்டுக்கொண்டிருந்தாள். ஆவுதியோவின் குழாயைக் கம்பெனி தடுக்கவில்லை, முயல் தடுக்கவில்லை. அவன் பொண்டாட்டியின் தரைத்துணி தடுத்துக்கொண்டிருந்தது.

முதலில் அவள் செய்தது எந்தப் புத்திசாலியும் செய்வதுதான்: யாரிடமும் சொல்லவில்லை. அறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இனி கண்கள் தெளிந்துவிடும், டாக்டர் மறுபடி சொட்டு விடுவார், சரியாக வரும், நிரந்தர வேலையும் கிடைக்கும், குழாயும் வரும் என்று கணக்குப் போட்டாள். கோயிலுக்குப் போய்க் கறுப்புப் புனிதர் பெனித்தோவின் முன்னால் நின்று ஒரு பாட்டில் ரம் தருவதாக வேண்டிக்கொண்டாள். எங்கள் ஊரில் அவருக்கு ஊர்வலத்தில் ரம்மை முகத்திலேயே ஊற்றுவார்கள். எல்லாரிடமும் வாங்கிக்கொள்வார். யாருக்கும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். செய்யவும் மாட்டார். அந்த வகையில் மேடைத் தொழிலாளர் சங்கத் தலைவருக்கு அண்ணன்.

முயல்களின் கண்கள் தெளிந்தன. ஆனால் டாக்டர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குக் கண் சோதனை முடிந்துபோன விஷயம். வித்தியாசம் இல்லை, டீசலால் கண்ணுக்குத் தீங்கில்லை என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தார். நாளைக்குக் கம்பெனிக்குப் போய்விடும்.

நெர்வா மேசை முன்னால் வந்து நின்றாள். கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். துரத்தினால் அப்படியே போய்விடலாம் என்று.

"டாக்டரே, அதை அனுப்பாத."

"ஏன்?"

"தப்பு என்மேல. தரைமேல."

டாக்டர் தரையைப் பார்த்தார். "தரைக்கு என்ன? இப்ப ரெண்டு நாளாத்தான் கொஞ்சம் மங்கலா இருக்கு. இதுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருந்துதே. கம்பெனிக்காரங்க வந்தப்பகூட நான் காட்டினேன்."

"அது டீசல்."

"எது?"

"கண்ணாடி மாதிரி இருந்தது. நான் டீசல்ல துடைச்சேன். முயலுங்களை அதுமேல ஓட விட்டேன். அதுங்க காலால முகம் கழுவுச்சுங்க. ரெண்டு கண்ணையும்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யாராவது தரையை டீசலால துடைப்பாங்களா?"

"பின்ன எதால துடைப்பாங்க? கராக்காஸ்ல எதால துடைக்கிறீங்க?"

"தண்ணியால. சோப்பால."

"அதுக்குப் பேரு துடைக்கிறதா? நனைக்கிறது."

"எனக்கு வாசனை தெரியலையே?"

"இந்த ஊர்ல டீசல் வாசனை இல்லைன்னாத்தான் தெரியும். வந்த முதல் வாரம் தெரிஞ்சிருக்கும் உனக்கு. அப்புறம் மூக்கு கபீமாஸ் மூக்காயிடும்."

டாக்டர் எழுந்து நடந்தார். கோபத்தில் கத்தப்போகிறார் என்று நெர்வா நினைத்தாள். அவர் பாதி வழியில் நின்று, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். குப்பியை வெளியே எடுத்து உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு நாளா நான் இதை விட்டுக்கவே இல்லை," என்றார் மெதுவாக. "எரியவே இல்லையே."

"நீயும் முயலைத் தூக்கிட்டு அதே கையாலதான் கண்ணைக் கசக்குவ. நான் பாத்திருக்கேன்."

"பாத்தீங்க. சொல்லலை."

"உன் கண்ணு, நீ கசக்குற. நான் யாரு கேக்க?"

அவர் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. தட்டச்சில் இருந்த தாளை உருவிக் கசக்கிப் போட்டார். அதைப் பொறுக்கிக் குப்பையில் போட நெர்வா குனிந்தாள். "விடுங்க," என்றார். "நீங்க எதையும் சுத்தம் பண்ண வேண்டாம். தயவுசெஞ்சு."

மலைநாட்டிலிருந்து புது முயல்கள் வந்தன. நெர்வா பிடித்துக்கொள்ளலாம், துடைக்கக் கூடாது என்று ஏற்பாடு. தரையை டாக்டரே துடைத்தார். சேற்றில் வாத்து நடந்ததுபோல் இருந்தது. நெர்வா கம்பளிச் சட்டைக்குள் கையை இறுகக் கட்டிக்கொண்டு பொறுத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை விடாத கண் வெள்ளையாகவே இருந்தது. சொட்டு விட்ட கண் லேசாகச் சிவந்தது. நெர்வாவுக்கு உள்ளே மேளம் கொட்டியது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் அந்தச் சிவப்பும் போய்விட்டிருந்தது. முயல் இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்து முட்டைக்கோஸ் மென்றது.

"இது என்ன டாக்டரே? ஏமாத்துதா?"

"இல்லை. ஒரு சொட்டுன்னா கண்ணீர் அடிச்சுக்கிட்டுப் போயிடுது. எரியும், ஆனா கண்ணு கெட்டுப்போகாது. தீங்குன்னு எழுத முடியாது."

"அப்ப நான் சொன்னதுக்கு ரெட்டை வேலை பாத்ததுதான் மிச்சமா? முன்னாடியே நீ இதைத்தானே எழுதின?"

"முன்னாடி தப்பா எழுதினேன். இப்ப சரியா எழுதறேன்."

"எழுத்து ஒண்ணுதானே?"

அன்று நெர்வா வீட்டுக்குப் போய் ஆவுதியோவிடம் அதைச் சொன்னாள். தரை விஷயத்தை ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அவன் திட்டவில்லை. கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டான், அது திட்டைவிட மோசம். நெமேசியோ தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்.

"முயலுக்கெல்லாம் கண்ணு நல்லாருக்காமே நெர்வா? கண்ணாடி எங்களுக்கு வேணாம், அதுங்களுக்கு மாட்டி விடு."

"வாயை மூடிக்கிட்டுப் போ."

"போறேன். போற வழியில உன் வீட்டுத் தரையில வழுக்கி விழுந்தா நட்ட ஈடு கேப்பேன்."

தோல் சோதனை மிச்சமிருந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. முயலின் முதுகில் மயிரைச் சிரைத்து, டீசலில் நனைத்த துணியை வைத்துக் கட்டி, பிறகு அவிழ்த்துப் பார்ப்பது. அவிழ்த்தபோது தோல் சிவந்திருந்தது. அடுத்த நாள் இன்னும் சிவந்தது, வீங்கியது. நாள் போகப் போகக் கோடைக்காலத்து ஏரிக்கரைச் சேறுபோல் வெடித்தது. இங்கே அடித்துக்கொண்டு போகக் கண்ணீர் இல்லை. டாக்டர் அட்டையில் தேடித் தேடி மேல் எண்களுக்குப் போனார். பிறகு நெர்வாவின் கைகளைத் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு.

"இது எத்தனை வருஷமா இருக்கு?"

"இது கை, டாக்டரே. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்."

அவர் தன் கையைக் காட்டினார். அது பால்கோவாவைப் போல் இருந்தது. நெர்வாவுக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அறிக்கை போனது. கண்ணுக்குத் தீங்கில்லை, கண்ணாடி தேவையில்லை. தோலுக்குத் தீங்கு உண்டு, கையுறை வேண்டும், டீசல் பட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். நிறையத் தண்ணீருக்குக் குழாய் வேண்டும் என்பதைக் கம்பெனி தானாகவே கண்டுபிடித்தது.

"கண்ணுக்குக் கேட்டோம், முதுகுக்குக் குடுத்துட்டானுங்க," என்று நெமேசியோ புலம்பினான். ஆனாலும் முதல் நாளே குழாயடியில் முதல் ஆளாய் நின்று, கம்பெனி தண்ணீர் தீர்ந்துபோகட்டும் என்று கழுத்துவரை நனைத்துக்கொண்டான்.

நிர்வாகி மட்டும் நெர்வாவை மன்னிக்கவில்லை. இரண்டாவது மந்தை முயல்களுக்கு ஆன செலவு அவள் தரையால் வந்தது என்று முகத்துக்கு நேரே சொன்னார். நிரந்தரம் கிடையாது என்றார். வேறு ஒருத்தியை வைத்தார். அவள் முயலின் காதைப் பிடித்துத் தூக்கி, கடி வாங்கி, அழுதுகொண்டே போய்விட்டாள். டாக்டர் நெர்வாவைத் தினக்கூலிக்குக் கூப்பிட்டார். குளிர் தினக்கூலிக்கும் அதே குளிர்தான் என்று அவளும் போனாள்.

குழாய் வந்த அன்று சாயங்காலம் ஆவுதியோ வீட்டுக்கு வந்தான். கை வெளுத்திருந்தது. நகத்தில் கறுப்பு இல்லை. கண் தெளியத் தொடங்கியிருந்தது, கல்யாணத்தன்று பார்த்த கண்ணைப் போல. நெர்வா அவனைக் கதவிலேயே நிறுத்தினாள். கிட்டே வந்து கழுத்தை முகர்ந்தாள். கையை முகர்ந்தாள்.

"சோப்பு வாசனை," என்றாள்.

"ஆமா."

"நம்ம வீட்டு சோப்பு இல்லை."

"கருப்பி, குழாய்..."

"பூ வாசனை வருது. எவ வீட்டுல குளிச்சிட்டு வர?"

"கம்பெனி சோப்புடி. உன் முயலு வாங்கிக் குடுத்தது."

நெர்வா இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று யோசித்தாள். வெளியே போய் வேலிக்கு மேல் எட்டி, தெருவில் போய்க்கொண்டிருந்த நெமேசியோவைக் கூப்பிட்டாள்.

"நெமேசியோ, இங்க வா. கையை நீட்டு."

அவன் நீட்டினான். முகர்ந்தாள். அதே பூ.

"சரி, போ," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து புருஷனுக்குச் சாப்பாடு வைத்தாள்.